ஈரம் தங்கும் அறை

காபி போடுவதும் இரும்பு துடைப்பதும் எனக்கு நன்றாக வரும். மற்ற வீட்டு வேலைகளில் நான் சுமார்தான். நீங்கள் வாங்கி வைத்திருக்கிற இந்தக் காபியைப் பார்த்ததும் அதைச் சொல்லத் தோன்றியது, மேடம். தவறாக எடுத்துக்கொள்ள வேண்டாம். டம்ளர் விளிம்பில் யாருடைய உதட்டுத் தடமோ இருக்கிறது. வேண்டாம் என்று சொன்னதற்கு அது ஒன்றுதான் காரணம். மற்றபடி எனக்குப் பயமோ கோபமோ இல்லை. கேட்டதற்கெல்லாம் பதில் சொல்கிறேன்.

என் பெயர் சுந்தரேசன். அம்பத்தூரில் ஒரு உதிரிபாகத் தொழிற்சாலையில் முலாம் பூசும் பிரிவில் தரம் பார்க்கிறவனாக இருந்து ஓய்வு பெற்றவன். பூச்சு ஏறி வந்த பாகத்தை வெளிச்சத்தில் சாய்த்துப் பிடித்துக் குறை கண்டுபிடிக்க வேண்டும். ஒரு விரல் ரேகை தெரிந்தாலும் திருப்பி அனுப்பிவிடுவேன். வேலையை விட்ட பிறகும் கண் அப்படியே பழகிப்போய்விட்டது. என் மனைவி விசாலி பெங்களூரில் மகளோடு இருக்கிறாள். பிரிந்துவிட்டோம் என்று சொல்ல முடியாது. அவள் போய்விட்டாள், அவ்வளவுதான். போகிற அன்று பெட்டியைப் பூட்டிக்கொண்டே, "ஒங்களுக்கு மனுசங்களத் தொட்டாலே அருவருப்பா இருக்குங்க. என்னையும் சேத்துத்தான்" என்றாள். சண்டையாகச் சொல்லவில்லை. நானும் மறுக்கவில்லை.

அதைக் கேள்விப்பட்டுத்தான் அண்ணன் ஏகாம்பரம் போன் செய்தார். "அங்கிட்டுத் தனியாக் கெடந்து என்னடா செய்யப்போற? இங்கிட்டு வந்துரு. இம்புட்டுப் பெரிய வீட்ல நான் ஒருத்தன்தான் உலாத்திக்கிட்டு இருக்கேன்" என்றார். அண்ணி தவறிப் பல வருஷமாகிறது. மகன் விக்ரம் சிங்கப்பூரில். அப்படித்தான் திருமயத்துக்குப் பக்கத்தில் இருக்கிற எங்கள் பூர்வீக வீட்டுக்கு நான் வந்து சேர்ந்தேன்.

அண்ணனைப் பற்றி ஊரில் யாரைக் கேட்டாலும் நல்லவிதமாகத்தான் சொல்வார்கள். அது உண்மையும்கூட. எங்கள் அப்பா, அப்பச்சி என்போம், இறந்த பிறகு என்னைப் படிக்க வைத்தவர் அவர்தான். தெருவில் போகிற யாரையும் உள்ளே கூப்பிட்டு உட்காரவைத்துப் பேசுவார். பேசும்போது தோளைத் தொடுவார், கையைப் பிடித்து வைத்துக்கொள்வார். வாயில் எப்போதும் வெற்றிலை. சிரித்தால் சிவந்த எச்சில் உதட்டோரம் வழியும். அதைப் புறங்கையால் வழித்துவிட்டு, அதே கையால் என் தட்டில் இன்னொரு பணியாரத்தை எடுத்து வைப்பார். நான் அதை ஒதுக்கிவிட்டு எழுந்துகொள்வேன். "என்னடா, கோழி கொறிக்கிற மாதிரிச் சாப்பிடுற" என்பார். நான் ஏன் எழுந்தேன் என்று அவருக்கு ஒருநாளும் விளங்கியதில்லை.

நான் அவரை வெறுக்கவில்லை. இதை நீங்கள் வாக்குமூலத்தில் எழுதிக்கொள்ள வேண்டும். வெறுக்கிறவன் கிட்டே போய் அடிப்பான். அருவருப்புப்படுகிறவன் தள்ளித்தான் நிற்பான். நான் தள்ளி நிற்கிற ஆள்.

இனி துப்பாக்கி. அது எங்கள் பாட்டனாருடையது. ஐயா என்போம் அவரை. வெள்ளைக்காரன் காலத்து ரைஃபிள். தோட்டாவை வெடிக்கவைக்கிற ஊசியைக் கழற்றி, இனி இது வெடிக்காது என்று முறைப்படி எழுதி வாங்கி, பழம்பொருளாக வீட்டில் வைத்துக்கொள்ள அனுமதியும் அண்ணன் எப்போதோ வாங்கிவிட்டார். அந்த விஷயத்தில் உங்களுக்குச் சந்தேகம் வேண்டாம். நான் ஊருக்கு வந்தபோது அது எங்கே இருந்தது தெரியுமா? கொல்லையில். குழலின் நுனியில் ஒரு கொக்கிக் கம்பியைக் கட்டி, அண்ணன் அதை வைத்து முருங்கைக்காய் பறித்துக்கொண்டிருந்தார். காற்றுக் காலத்தில் கொல்லைக் கதவுக்கு முட்டுக்கொடுக்கவும் அதுதான். குழலுக்குள் குளவி கூடு கட்டியிருந்தது. மேலே சிவந்த துரு செதில் செதிலாக எழும்பி நின்றது. அந்தச் செதிலின் மேல் கோழி எச்சம் காய்ந்து ஒட்டியிருந்தது. எனக்கு வாயில் உமிழ்நீர் ஊறி, வாந்தி வருகிறமாதிரி ஆகிவிட்டது.

"இதுக்காண்ணே இத வச்சிருக்கீங்க?" என்று கேட்டேன்.

"சுடத்தான் ஆகாது. காயாச்சும் பறிக்கட்டுமேடா" என்று சிரித்தார். பிறகு என் முகத்தைப் பார்த்துவிட்டு, "ஒனக்கு வேணுமின்னா எடுத்துக்க. ஐயா கையில இருந்தப்ப கன்னங்கரேர்னு மின்னும். அப்புடி ஆக்கிப்புடுவியா?" என்றார்.

ஆக்கிவிடுவேன் என்றேன்.

அன்றிலிருந்து முகப்பில் என் மேசை. துருவைச் சுரண்டினேன், குளவிக் கூட்டைக் குத்தி எடுத்தேன், குழலையும் பூட்டையும் விசையையும் தனித்தனியாகக் கழற்றி, உப்புத்தாள் போட்டு, பிறகு அதிலும் நைசான தாள் போட்டுத் தேய்த்தேன். கீழே இருந்து வெள்ளை உலோகம் தெரிந்தபோது, நோயாளியின் உடம்பில் நல்ல தோல் தெரிகிறமாதிரி இருந்தது. இத்தனை வருஷத்தில் எனக்கு நிம்மதி என்று எதையாவது சொல்ல வேண்டுமானால் அந்த மாதங்களைத்தான் சொல்வேன்.

அந்தச் சமயத்தில்தான் அண்ணன் குளியலறையில் வழுக்கி விழுந்தார். இடுப்பெலும்பு முறிந்தது. அவருக்கு ஏற்கெனவே நுரையீரல் பழுது. ஆபரேஷன் முடிந்து வந்தவர் கட்டிலை விட்டு எழவில்லை. விக்ரம் வந்திருந்து எல்லா ஏற்பாடும் செய்துவிட்டுப் போனான். முற்றத்தைத் தாண்டி, வீட்டின் இரண்டாம் கட்டில் இருந்த அண்ணன் அறையில் ஏசி வைத்தான். குளிர் வெளியே போகக்கூடாது என்று கதவிடுக்கு, ஜன்னல் இடுக்கு, மேலே இருந்த காற்றோட்டத் துவாரம் எல்லாவற்றையும் அடைத்தான். மூச்சுக்குக் காற்று கொடுக்கிற ஆக்சிஜன் மெஷின் ஒன்று கட்டிலுக்குப் பக்கத்தில் வந்தது. காலையும் மாலையும் வந்து உடம்பு துடைத்துவிட, பக்கத்து ஊரிலிருந்து காத்தாயி என்று ஒரு பெண்ணை அமர்த்தினான். டாக்டர் சொன்னது ஒன்றே ஒன்றுதான். அறை குளுமையாக, காய்ந்து இருக்க வேண்டும். புழுக்கமும் ஈரமும் இவருக்கு ஆகாது. அதை என்னிடம்தான் சொன்னார். ஆமாம், எனக்குத் தெரியும்.

இரவும் பகலும் இருமல். இருமி இருமிச் சளியைப் படிக்கத்தில் துப்புவார். பச்சையும் மஞ்சளுமாக அது படிக்கத்தின் ஓரத்தில் பிடித்துக்கொண்டு, மெதுவாக இறங்கும். காத்தாயி கையாலேயே அதை எடுத்துப் போய்க் கழுவுவாள். அந்தப் பக்கம் போகும்போதெல்லாம் நான் மூச்சை அடக்கிக்கொள்வேன். சாப்பாடு இறங்கவில்லை. முகப்பில் உட்கார்ந்திருந்தாலும் அந்த நெடி என் சட்டையில் ஏறியிருக்கிறது என்று தோன்றும். திரும்பத் திரும்பக் குளித்தேன்.

ஒருநாள் அண்ணன் துப்பாக்கியைப் பார்க்க வேண்டும் என்றார். நான் அப்போதுதான் பூட்டுத் தகட்டைக் கண்ணாடிபோல் மெருகேற்றி, எண்ணெய்ப் பிசுக்கு துளியும் இல்லாமல் துடைத்து வைத்திருந்தேன். கறுப்பேற்றுவதற்கு முன்னால் அதை வெறும் கையால் தொடக்கூடாது. வெள்ளைத் துணியில் ஏந்திக்கொண்டு போய்க் காட்டினேன். அவர் துணியை விலக்கிவிட்டு, தகட்டைக் கையிலேயே எடுத்தார். கட்டைவிரலால் வருடினார். "அடேயப்பா, மொகம் தெரியுதேடா" என்றார். உடனே இருமல் வந்தது. கையால் மூடக்கூட இல்லை. வாயிலிருந்து வந்தது அப்படியே தகட்டின் நடுவில் விழுந்தது.

அவர் வேட்டி முனையால் அதைத் துடைத்தார். துடைக்கவில்லை, பரப்பினார். "எச்சி பட்டா என்ன, துப்பாக்கிக்குத் தீட்டாடா?" என்று சிரித்தார். சிரிப்பு மறுபடியும் இருமலாயிற்று.

மறுநாள் காலையில் பார்த்தால் தகட்டில் அவருடைய கட்டைவிரல் ரேகை அப்படியே சிவப்பாக எழும்பியிருந்தது. பக்கத்தில் ஒரு பெரிய திட்டு. உலோகம் அதைக் குடித்துவிட்டது. திரும்ப முதலிலிருந்து தேய்த்தேன். ரேகை போய்விட்டது. எனக்கு மட்டும் வெளிச்சத்தில் பிடித்தால் தெரிந்துகொண்டே இருந்தது.

இந்தச் சம்பவத்துக்கும் பின்னால் நடந்ததற்கும் தொடர்பு இல்லை என்றுதான் இதுவரை சொல்லிவந்தேன். கறுப்பேற்ற அண்ணன் அறையைத் தேர்ந்தெடுத்தது முழுக்க வேலை சம்பந்தப்பட்ட விஷயம்.

விளக்கிச் சொல்கிறேன். துருவிலும் நல்ல துரு உண்டு, மேடம். அதற்கென்று இருக்கிற கரைசலை உலோகத்தின் மேல் மெல்லப் பூசி, ஈரக்காற்றில் தொங்கவிட்டால் மாவு தூவியதுபோல் சன்னமாகத் துரு பிடிக்கும். அதைக் கொதிநீரில் போட்டு எடுத்தால் சிவப்பு கறுத்துவிடும். மேலே நிற்கிற பொடியைத் தேய்த்துவிட்டால் அடியில் ஒரு படலம் தங்கும். மறுபடி பூச்சு, மறுபடி ஈரம், மறுபடி கொதிநீர். பொறுமையாகச் செய்தால் ஐயா காலத்துக் கறுப்பு வந்துவிடும். ஆனால் ஈரக்காற்றுக்கு எங்கே போவது? இந்த வறண்ட சீமையில், அதுவும் சித்திரையில். எங்கள் வீடோ காற்றோட்டத்துக்கென்றே கட்டினது. முற்றம் திறந்து கிடக்கிறது, கூரை எட்டாத உயரம், எந்த அறையில் தண்ணீரைக் கொதிக்கவைத்தாலும் ஆவி நிற்காமல் போய்விடுகிறது. அந்த வீட்டில் இடுக்கெல்லாம் அடைத்திருந்த அறை ஒன்றுதான். விக்ரம் அடைத்தது.

அண்ணனிடம் கேட்டேன். கேட்காமல் செய்யவில்லை.

"என் ரூம்லதானே? தொங்கவிட்டுக்கடா. நீயும் இங்கிட்டே இருப்ப, பேச்சுத் துணையாச்சு" என்றார். அவருக்குச் சந்தோஷம்.

காத்தாயி மட்டும் முகத்தைச் சுளித்தாள். "இது என்ன சார், நோயாளி படுத்திருக்கிற எடத்துல அடுப்ப வைக்கிறீங்க? பெரியவருக்கு ஏற்கெனவே மூச்சு இழுக்குது" என்றாள். கொஞ்ச நாள்தான் என்றேன். அவள் மகளுக்கு ஒன்பதாம் மாதம். போய் இரும்மா, பிரசவம் முடிந்து வந்தால் போதும், நான் அண்ணனைப் பார்த்துக்கொள்கிறேன் என்றேன். அவள் கண் கலங்கிவிட்டது. கையெடுத்துக் கும்பிட்டுவிட்டுப் போனாள். நான் அவளை விரட்டியதாக விக்ரம் புகாரில் எழுதிக் கொடுத்திருக்கிறான். விரட்டவில்லை.

ஏசி காற்றை உலர்த்திவிடும், அதனால் அதை அணைத்தேன். கட்டிலுக்கு எதிர்ச் சுவரில் இருந்த கொக்கியில் குழலைத் தொங்கவிட்டேன். இண்டக்‌ஷன் அடுப்பில் பெரிய பாத்திரம் நிறையத் தண்ணீர் வைத்தேன். சுவரெல்லாம் வியர்த்தது. கூரையிலிருந்து சொட்டியது. கரைசலின் காரநெடி அறை முழுக்க நின்றது. நான் மூக்கைத் துணியால் கட்டிக்கொண்டு, பூசிவிட்டு வெளியே வந்துவிடுவேன். ஆக்சிஜன் மெஷின் அந்த ஈரத்தில் கூவிக்கொண்டே இருந்தது. நல்ல மெஷின், கெட்டுப்போய்விடக் கூடாது என்று எடுத்து முகப்பில் வைத்தேன். குழாய் அவ்வளவு தூரம் எட்டாது. அது எட்டாது என்பதும் எனக்குத் தெரியும்.

முதல் பூச்சு அருமையாக வந்தது. அண்ணனிடம் காட்டினேன், தொடவிடாமல். அவர் தலையணையெல்லாம் நனைந்திருந்தது. உதடு கொஞ்சம் நீலம். "நல்லா... இருக்குடா" என்றார்.

அடுத்த நாள் ஜன்னலைத் திறக்கச் சொன்னார். "புழுங்குதுடா. செத்த நேரம் தொற."

"தொறந்தா ஈரம் போயிரும்ணே. பூச்சு திட்டுத் திட்டா வந்துரும்."

கொஞ்சம் யோசித்தார். "ஒன் வேல கெட்டுப்போயிருமா? அப்ப இருக்கட்டும்" என்றார்.

இதைத்தான் நீங்கள் கவனிக்க வேண்டும் என்று முதலில் நினைத்திருந்தேன். அவரே இருக்கட்டும் என்றார்.

உடம்பு துடைத்துவிட ஆளில்லை. நான் துடைத்திருக்க வேண்டும். வாளியும் துணியுமாக அறை வாசல்வரை போனேன். படுக்கை நனைந்து, மூத்திர நெடியும் சளி நெடியும் அந்தச் சூட்டில் வேகவைத்ததுபோல் எழும்பி முகத்தில் அடித்தது. அவர் முதுகோரத்தில் தோல் வெந்து உரிந்திருந்தது. துணி அதில் ஒட்டிக்கொண்டிருந்தது. அவர் என்னைப் பார்த்துக் கையை நீட்டினார். அந்தக் கை ஈரமாக, விரலிடுக்கெல்லாம் வெளுத்துப்போய் இருந்தது. நான் வாளியை வைத்துவிட்டு முற்றத்துக்குப் போய் வாந்தி எடுத்தேன். பிறகு கை கழுவினேன். மறுபடி அந்த வாளியைத் தொடவில்லை.

விக்ரம் வீடியோவில் கூப்பிட்டான். நான் கதவை ஒட்டி நின்று, அண்ணன் முகம் மட்டும் தெரிகிற மாதிரி போனைப் பிடித்தேன். "அப்பா, எப்படி இருக்கீங்க?" என்றான். அண்ணன் வாயைத் திறந்தார். காற்றுத்தான் வந்தது, சொல் வரவில்லை. சொல் வருவதற்குள், "லைன் சரியில்லப்பா, அப்பா தூக்கக் கலக்கத்துல இருக்காரு" என்று நான் அணைத்துவிட்டேன். அண்ணன் என்னையே பார்த்தார். கோபமாகப் பார்க்கவில்லை. நான் ஏதோ அவசரத்தில் இருக்கிறேன், முடித்துவிட்டு வந்துவிடுவேன் என்று நினைத்துப் பார்க்கிறமாதிரி இருந்தது. அந்தப் பார்வையும் எனக்கு அருவருப்பாகத்தான் இருந்தது. ஒரு மனிதன் இன்னொரு மனிதனை அவ்வளவு நம்புவது, ஈரத்துணி உடம்பில் ஒட்டுவதுபோல.

அவர் ஒரு பிற்பகலில் இறந்தார். நான் முகப்பில் சாய்ந்திருந்தேன். உள்ளே இருமல் நின்றிருப்பது கொஞ்ச நேரம் கழித்துத்தான் எனக்கு உறைத்தது. முதலில் தோன்றியது, வீடு எவ்வளவு சுத்தமாக இருக்கிறது என்பது.

பிறகு நடந்தது உங்களுக்குத் தெரியும். விக்ரம் வரும்வரை உடம்பைக் குளிர்ப்பெட்டியில் வைத்தோம். காத்தாயி பிரசவ வீட்டிலிருந்து அழுதுகொண்டு ஓடிவந்தாள். அறைக்குள் போனவள் அழுகையை நிறுத்திவிட்டாள். கட்டில் கால், கதவுக் கீல், ஜன்னல் கம்பி, கத்தரிக்கோல், ஏசியின் திருகாணிகள், அறையில் இருந்த இரும்பு அத்தனையும் சிவந்து பூத்திருந்தது. சுவரில் கறுப்புப் பூஞ்சை. "பெரியவர இதுக்குள்ளயா போட்டு வச்சிருந்தீங்க?" என்று கேட்டாள். அவள் குரல் உயரவில்லை. என்னைத் தாண்டிப் போகும்போது சேலை என்மேல் படாமல் சுருட்டிப் பிடித்துக்கொண்டாள். அந்தச் செய்கையை நான் நன்றாக அறிவேன். வாழ்நாள் முழுக்க நான் செய்தது. என்னிடம் யாரும் செய்து நான் பார்த்ததில்லை.

அவள் விக்ரமிடம் சொன்னாள். விக்ரம் உங்களிடம் வந்தான்.

உங்களுக்கு முன்னால் வந்த எஸ்.ஐ.யிடம் இதுவரைக்கும்தான் சொன்னேன். ஒரு வேலையில் மூழ்கிப்போய் நோயாளியைச் சரியாகக் கவனிக்காமல் விட்ட ஒரு வயதானவன். அஜாக்கிரதை. அவரும் ஏறக்குறைய நம்பிவிட்டார். எனக்கே அது பொய் என்று தோன்றவில்லை. சொல்லச் சொல்ல, அதில் ஒரு மெருகு ஏறியது.

நீங்கள்தான் விக்ரமின் போனை மேசைமேல் வைத்தீர்கள், திலகவதி மேடம். நான் அவனுக்கு அனுப்பிய படம். குழல், பூட்டு, விசை எல்லாம் கட்டையில் திரும்பப் பூட்டி, முகப்புச் சுவரில் மாட்டியிருக்கிற துப்பாக்கி. கன்னங்கரேலென்று, ஒரு ரேகை இல்லாமல். "வேலை முடிந்தது" என்று கீழே எழுதியிருக்கிறேன். "சூப்பர் சித்தப்பா, அப்பாகிட்டக் காட்டுனீங்களா?" என்று அவன் கேட்டிருக்கிறான். தேதியைப் பாருங்கள் என்றீர்கள். பார்த்தேன். அண்ணன் அதற்குப் பிறகும் சில நாள் உயிரோடு இருந்தார்.

காட்டவில்லை.

படம் அனுப்பிய அன்று தண்ணீர் நிரப்ப அறைக்குள் போனேன். பழக்கத்தில் போனேன் என்று சொல்லலாம், ஆனால் தொங்கவிட ஒன்றும் மிச்சமில்லை என்று தெரிந்தேதான் தண்ணீரை எடுத்துக்கொண்டு போனேன். அண்ணன் கண்ணைத் திறந்தார். சுவரை நோக்கித் தலையைத் திருப்ப அவருக்குத் தெம்பில்லை. அந்தக் கொக்கி காலியாக இருந்ததை அவர் பார்க்கவில்லை.

"முடிஞ்சிருச்சாடா?" என்று கேட்டார். ஒவ்வொரு எழுத்தாக வந்தது.

"இன்னும் ஒரு பூச்சு இருக்குண்ணே."

சரி என்று தலையை அசைத்தார்.

நான் அடுப்பைப் போட்டுவிட்டு, வெளியே வந்து கதவைச் சாத்தினேன். கீழ் இடுக்கில் ஒரு துணியையும் செருகினேன்.